நெக்கைப் பார்த்து வாங்குங்கள்: அவலாஞ்சிப் பக்கம் ஒரு பேஸ் கிட்டார்

இருபதாயிரம் ரூபாயை வைத்துக்கொண்டு நல்ல பேஸ் கிட்டார் வாங்க முடியுமா? முடியும். ஆனால் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவருக்குச் சொல்லும் யோசனை, நீலகிரியில் அவலாஞ்சி, எமரால்டு, இத்தலார், மஞ்சூர் பக்கம் இருப்பவருக்கு அப்படியே பொருந்தாது. 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி காலையோடு முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் அவலாஞ்சியில் கொட்டிய மழை 82 சென்டிமீட்டர். தென்மேற்குப் பருவத்தில் இங்கே சுவரில் பாசி பிடிக்கும். பீரோவுக்குள் வைத்த தோல் பெல்ட்டில் பூஞ்சணம் பூக்கும். அதே இடத்தில் ஜனவரி விடியலில் புல்மேடெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். பகல் காற்றில் ஈரமே இருக்காது, உதடு வெடிக்கும். நீளமான ஒரு மரத்துண்டின் மேல் நான்கு உலோகக் கம்பிகளை இறுக்கிக் கட்டி, அதை இந்த இரண்டு பருவங்களுக்கும் நடுவே வருடக்கணக்கில் வைத்திருக்கப் போகிறோம். அந்த மரத்துண்டு, அதாவது நெக், நேராக நிற்குமா, முறுக்கிக்கொள்ளுமா என்பதுதான் இங்கே முதல் கேள்வி. கம்பெனிப் பெயர், நிறம், பாடி எந்த மரம் என்பதெல்லாம் அப்புறம்.

இந்தப் பக்கத்தில் பேஸ் கிட்டாருக்கு ஆசைப்படுகிறவர்கள் யார்? ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கீபோர்டுக்குப் பக்கத்தில் நிற்கும் இளைஞர்கள். படுகர் ஊர்களில் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் ஆட்டப்பாட்டு வாசிக்கும் குழுக்கள். ஊட்டியில் கல்லூரிக்குப் போன இடத்தில் ஒரு பாண்டில் சேர்ந்துவிட்ட பிள்ளைகள். ஒரு காலத்தில் படுகர் ஊர்ச் சடங்குகளுக்கு, இதே மலையின் இன்னொரு குடியான கோத்தர்களின் வாத்தியம்தான். இப்போது கீபோர்டும் பேடும் ஸ்பீக்கர் பெட்டியும் வந்துவிட்டன. பேஸ் கிட்டார் அவற்றோடு சேர்ந்து வந்த ஆசை. பெரும்பாலான வீடுகளில் காசு வருவது தேயிலையிலிருந்தும் மலைக்காய்கறியிலிருந்தும். இலை விலை ஏறினால் வாங்கலாம், இறங்கினால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்கிற கணக்கு. அப்படிச் சேர்த்த காசு வீணாகக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில், குறைந்த விலைக்கு நல்ல பேஸ் கிடைப்பது எப்படிச் சாத்தியமானது என்று பார்ப்போம். லியோ ஃபெண்டர் 1951இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் பிரிசிஷன் பேஸை வெளியிட்டார். அதற்கு முன்பே, 1930களில், சியாட்டிலில் பால் டட்மார்க் என்பவர் மின்சார பேஸ் ஒன்றைச் செய்து விற்றிருந்தார், அது பரவவில்லை. ஃபெண்டருடையது பரவியது. ஆளுயர டபுள் பேஸைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக அலைந்த கலைஞர்களுக்கு, தோளில் மாட்டிக்கொண்டு போகும் ஒன்று கிடைத்தது. நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள், அதாவது ஃப்ரெட், இருந்ததால் சுரம் பிசகவில்லை. நெக்கின் மேல்நுனியில் கம்பி படியும் நட்டிலிருந்து பாடியில் உள்ள பிரிட்ஜ் வரை 34 அங்குலம், நான்கு கம்பி, தடித்த கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி என்ற சுருதி, பாடியோடு ஸ்குரூ போட்டு முடுக்கிய நெக். 1960இல் வந்த ஜாஸ் பேஸுக்கும் இதே அளவுதான். எழுபது வருடத்துக்கு மேலாகியும் அடிப்படை மாறவில்லை. இன்று குறைந்த விலையில் விற்கும் பேஸ்களில் பெரும்பாலானவை இந்த இரண்டின் வழிவந்தவையே.

கையில் காசு குறைவாக இருப்பவருக்கு இதில் பெரிய நன்மை இருக்கிறது. அளவு பொதுவாகிவிட்டதால் பிக்கப், பிரிட்ஜ், டியூனிங் கீ, நட்டு எல்லாமே தனித்தனியாகக் கிடைக்கின்றன. இன்று பன்னிரண்டாயிரத்துக்கு வாங்கியதில் அடுத்த வருடம் பிக்கப்பை மட்டும் மாற்றலாம், அதற்கடுத்த வருடம் கீயை மாற்றலாம். சுலபமாக மாற்ற முடியாதது நெக் ஒன்றுதான். தனி நெக் வாங்கப் போனால் மலிவு பேஸின் முழு விலையையே கேட்பார்கள். அதனால்தான் முதல் நாளே நெக் நன்றாக இருக்க வேண்டும் என்கிறேன்.

விலை குறைந்த வாத்தியம் என்றால் மட்டம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் ஹோஃப்னர் பேஸை வாங்கியதற்குக் காரணம் பணமின்மை. ஃபெண்டர் அப்போது ஏறத்தாழ நூறு பவுண்டு; ஹோஃப்னர் சுமார் முப்பது. இரண்டு பக்கமும் ஒரே வடிவம் என்பதால் இடதுகைக்காரரான அவருக்குத் திருப்பிப் பிடித்தாலும் உறுத்தவில்லை. பீட்டில்ஸின் தொடக்க காலப் பாடல்கள் அந்த முப்பது பவுண்டு கிட்டாரில் வாசிக்கப்பட்டவை. 1972இல் அது திருடு போனது. அரை நூற்றாண்டு கழித்து அவர் கைக்கே திரும்பி வந்தது.

நம் காதுக்கு வருவோம். தமிழ்நாட்டில் பேஸ் கிட்டார் என்றதும் இளையராஜாவின் பாடல்கள்தான் நினைவுக்கு வருகின்றன. அவருடைய இசையில் பல ஆண்டுகள் பேஸ் வாசித்தவர் சசிதரன். ஏ.ஆர். ரஹ்மான் காலத்தில் கீத் பீட்டர்ஸ். இந்தப் பாடல்களில் பேஸ், தாளத்துக்கு அடியில் ஒரே சுரத்தைத் தட்டிக்கொண்டு நிற்பதில்லை; பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் ஏறி, பல்லவி திரும்பும் இடத்தில் இறங்கி, தனியாக ஒரு மெட்டாகவே நடக்கிறது. எமரால்டில் கற்றுக்கொள்ளும் பையன் வாசிக்க விரும்புவது இதைத்தான். அதற்கு வேண்டியது மூன்று: ஒவ்வொரு சுரமும் தனியாகத் தெளிவாகக் கேட்க வேண்டும், பன்னிரண்டாவது ஃப்ரெட்டைத் தாண்டிப் போனாலும் சுருதி விலகக் கூடாது, இடது கை வலிக்காமல் ஒரு மணி நேரம் வாசிக்க முடிய வேண்டும். மூன்றும் நெக்கையும் அதன் செட்டப்பையும் பொறுத்தவை. விலைச்சீட்டைப் பொறுத்தவை அல்ல.

சரி, நெக்கை எப்படிப் பார்ப்பது? நான்கு கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 80 கிலோ எடைக்குச் சமம். அதைத் தாங்குவதற்காக நெக்குக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. டிரஸ் ராடு என்பார்கள். அலன் கீயால் அதை முடுக்கினால் நெக் பின்னால் போகும், தளர்த்தினால் கம்பியின் இழுப்புக்கு இணங்கி முன்னால் வளையும். நெக் முழு நேராக இருக்கத் தேவையில்லை. மிகச் சிறிய முன்வளைவு வேண்டும், அதிரும் கம்பிக்கு இடம் வேண்டுமல்லவா? முதல் ஃப்ரெட்டை இடது கையாலும், நெக் பாடியோடு சேரும் இடத்து ஃப்ரெட்டை வலது கையாலும் அழுத்திப் பிடியுங்கள். நடுவே, ஏழு எட்டாம் ஃப்ரெட் பக்கம், கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே 0.3 மில்லிமீட்டர் அளவு இடைவெளி தெரிய வேண்டும். ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழையும் அளவு. கார்டு தளர்வாக ஆடினால் முன்வளைவு அதிகம். கம்பி ஃப்ரெட்டிலேயே ஒட்டிக் கிடந்தால் பின்வளைவு. இரண்டையும் டிரஸ் ராடு சரிசெய்யும், ராடு வேலை செய்தால். ஆகவே விற்பவரைக் கேட்டுக்கொண்டு அலன் கீயைப் போட்டுக் கால் சுற்றுக்கும் குறைவாக அசைத்துப் பாருங்கள். அசையவே மறுத்தாலும், அலன் கீ வழுக்கிக்கொண்டு சுற்றினாலும் அந்தக் கிட்டாரைக் கீழே வைத்துவிடலாம்.

வளைவைச் சரிசெய்யலாம், முறுக்கைச் சரிசெய்ய முடியாது. ஒரு மழைக்காலம் முடிந்த கையோடு எமரால்டில் ஒரு தம்பி, விலைக்கு வந்த பழைய பேஸ் ஒன்றைப் பார்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போனான். கறுப்பு நிறம், பளபளப்பு குறையாத பாடி. "ஒம்பதாயிரம் சொல்றாங்கண்ணா, உள்ள நல்ல பிக்கப் மாத்தியிருக்காங்களாம்" என்றான். பாடியின் அடிப்பக்கத்தைக் கண்ணருகே தூக்கி, ஹெட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நீட்டி, ஃப்ரெட்களின் வரிசையைப் பார்த்தேன். பாடிக்குப் பக்கத்து ஃப்ரெட்டுகள் ஒரு கோட்டில் இருந்தன. மேலே போகப் போக ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக ஜி கம்பிப் பக்கம் சாய்ந்து, நட்டு வந்து சேரும்போது அந்தச் சாய்வு வெறும் கண்ணுக்கே தெரிந்தது. ஈ கம்பியில் ஐந்தாம் ஃப்ரெட் வாசித்தால் சுத்தம். ஜி கம்பியில் அதே இடத்தில் ஜர்ரென்று இரைச்சல். ஈரமான சுவரில் வருடக்கணக்கில் சாய்த்து வைத்த கிட்டார் என்று பேச்சில் தெரிய வந்தது. "வேண்டாம் தம்பி, பிக்கப் நல்லதுதான், நெக் போயிருச்சு" என்றேன். அவனுக்கு மனசே இல்லை. பிறகு அவன் வாங்கியது ஓரமெல்லாம் பெயிண்ட் உரிந்த ஒன்று. நெக் கோடு போட்டது போல நேராக இருந்தது. இன்றும் அதைத்தான் வாசிக்கிறான்.

ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் அழுத்தி மெதுவாக மீட்டிக் கேளுங்கள். பொறுமை வேண்டும், கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் விடாதீர்கள். எல்லா இடத்திலும் இரைந்தால் அது செட்டப் குறை, சரியாகும். ஒரே ஒரு ஃப்ரெட்டில் இரைந்தால் அந்த ஃப்ரெட் தூக்கிக்கொண்டிருக்கிறது, தட்டி உட்கார வைக்கவோ ராவவோ வேண்டும், அதற்குச் செலவுண்டு. விரலை நெக்கின் இரு ஓரங்களிலும் மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். ஃப்ரெட் நுனி குத்தினால் மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது என்று பொருள். சமவெளிக் கடையின் ஏசி அறையில் குத்தாத நுனி, அவலாஞ்சி ஜனவரியில் குத்தக்கூடும். அதை மெல்லிய அரத்தால் சமப்படுத்தலாம், அதற்காக நல்ல கிட்டாரை ஒதுக்க வேண்டாம். கடைசியாக, செல்போனில் ஒரு டியூனர் செயலியைப் போட்டு, பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டு எழும் ஓசையையும், அதே ஃப்ரெட்டை அழுத்தி எழும் ஓசையையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். விலகினால் பிரிட்ஜில் உள்ள ஸ்குரூவால் திருத்தலாம். ஸ்குரூ எல்லை வரை போயும் திருந்தவில்லை என்றால் வேண்டாம்.

நெக் எந்த மரம், எப்படிச் செய்தது என்பதும் நம் ஈரத்துக்குப் பொருட்டானது. மழைக்காலத்தில் கதவு உப்பிக்கொண்டு மூட மறுக்கிறதே, அதே வேலையை ஈரம் கிட்டார் நெக்கிலும் செய்கிறது. எந்தப் பக்கம் வளையும் என்பது அந்தந்த மரத்தின் நார் ஓடும் விதத்தைப் பொறுத்தது. மூன்று அல்லது ஐந்து பட்டைகளை ஒட்டிச் செய்த நெக், ஒரே துண்டு நெக்கைவிட முறுக்கைத் தாங்கும். பின்புறம் வார்னிஷ் நன்றாகப் பூசியிருந்தால் ஈரம் மெதுவாகத்தான் ஏறும். தொட்டால் வெறும் மரம் போல இருக்கும் நெக் விரலுக்குச் சுகம், ஆனால் இங்கே கூடுதல் கவனிப்பு கேட்கும்.

ஃபிங்கர்போர்டுக்குப் பெயர் போன மரம் ரோஸ்வுட், அதாவது நம் ஈட்டி மரம். கூடலூர்க் காட்டில் நிற்கும் அதே மரம். ஈட்டியின் பேரினம் முழுவதையும் 2017இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு கொடுத்தார்கள். அந்த இடைக்காலத்தில் மலிவு கிட்டார் செய்யும் கம்பெனிகள் மாற்று மரம் தேடின. ஃபெண்டரின் மலிவு வரிசையான ஸ்கொயர், 'இந்தியன் லாரல்' என்ற பெயரில் பயன்படுத்தத் தொடங்கிய மரம் நம் கருமருது. மேற்குத் தொடர்ச்சி மலை முழுக்கப் பழக்கப்பட்ட மரம், கெட்டியானது. விளம்பரத்தில் இந்தப் பெயரைப் பார்த்து மட்டமென்று யாரும் ஒதுக்க வேண்டாம். பாடி மரத்தைப் பற்றிப் பேசி மாளாது. பாப்லர், பாஸ்வுட், மஹோகனி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்சி இருக்கிறது. மின்சார பேஸில் பிக்கப், கம்பி, விரல் இந்த மூன்றும் செய்யும் வித்தியாசத்துக்கு முன் பாடி மரம் செய்வது சொற்பம் என்பது என் முடிவு. எடையை மட்டும் பாருங்கள். நான்கு கிலோவுக்கு மேல் போனால் தோள் சொல்லும்.

அடுத்தது பிக்கப்பும் மின்சாரமும். இங்கே என் யோசனை எளிமையானது: பேசிவ் பேஸ் வாங்குங்கள். ஆக்டிவ் பேஸுக்குள் 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஒரு சிறு சர்க்யூட் இருக்கும். 1976இல் வந்த மியூசிக்மேன் ஸ்டிங்ரேதான் அதைப் பிரபலமாக்கியது. நல்ல ஆக்டிவ் சர்க்யூட் இனிமையானது. ஆனால் மலிவு பேஸில் போடும் சர்க்யூட் பெரும்பாலும் இரைச்சலானது. கேபிளைக் கழற்ற மறந்தால் பேட்டரி இறங்கிவிடும். பாட்டு நடுவே ஓசை நின்றால் எமரால்டில் ராத்திரி எட்டு மணிக்கு எந்தக் கடையில் போய் 9 வோல்ட் பேட்டரி கேட்பது? கசிந்த பேட்டரியும் மழைக்கால ஈரமும் சேர்ந்தால் உள்ளே பச்சை பூத்துவிடும். பேசிவ் பேஸில் பிக்கப், இரண்டு மூன்று பாட், ஒரு கெப்பாசிட்டர், ஜாக், அவ்வளவுதான். கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போதும். வயர் விட்டால் ரேடியோ ரிப்பேர் செய்கிறவரே பற்றவைத்துக் கொடுப்பார்.

பிரிசிஷன் வகையின் பிக்கப் 1957 முதல் இரண்டு துண்டாக வருகிறது. அந்த அமைப்பே ஹம் இரைச்சலை அடக்கிவிடும். ஜாஸ் வகையில் இரண்டு சிங்கிள் காயில். இரண்டையும் முழுதாகத் திறந்தால் அடங்கும், ஒன்றை மட்டும் திறந்தால் டியூப்லைட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் பக்கத்தில் ஹம் கேட்கும். ஓசைக்கு இரண்டுமே நல்லவை. ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் முன்னால் பிரிசிஷன் பிக்கப்பும் பின்னால் ஜாஸ் பிக்கப்பும் சேர்ந்த பேஸைத் தேடுங்கள். மலிவு வரிசைகளில் அது தாராளமாகவே கிடைக்கிறது.

உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பேஸின் கம்பிகள் ஜாக் வழியாக ஆம்பின் எர்த்தோடு இணைந்தவை. வீட்டில் எர்த் சரியில்லை என்றால், தப்பிய மின்சாரம் கம்பி வழியாக விரலுக்கு வரும். பழைய எஸ்டேட் லைன் வீடுகளிலும், அவசரத்துக்கு இழுத்த மேடை வயரிங்கிலும் இது வெறும் பயமுறுத்தல் அல்ல. கம்பியைத் தொட்டுக்கொண்டு மைக்கில் உதடு பட்டதும் சுரீர் என்றால் உடனே கழற்றுங்கள். எர்த்தைச் சரிசெய்யும்வரை மீண்டும் மாட்ட வேண்டாம். இரண்டு முள் பிளக்கோடு மூன்று முள் ஆம்பை ஓட்டுவது கூடவே கூடாது. இடிமின்னல் நேரத்தில் ஆம்பைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிடுங்கள்.

கம்பி எத்தனை? நான்கு. ஐந்து கம்பி பேஸில் கூடுதலாக வரும் கீழ் பி கம்பி 31 ஹெர்ட்ஸ் அளவில் அதிர்கிறது. அதை இறுக்கமாகப் பேச வைக்க நெக்கும் பிரிட்ஜும் உறுதியாக இருக்க வேண்டும். மலிவு பேஸில் அது தொய்வாக, தெளிவில்லாமல் உருளும். ஆராதனைப் பாடல் ஈ-ஃபிளாட்டிலோ டி-யிலோ வந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். ஒரு ஸ்தாயி மேலே வாசியுங்கள். கேட்பவர் குறை சொல்ல மாட்டார். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கோ கை சிறியவருக்கோ 34 அங்குலம் சிரமம். அவர்களுக்கு 30 அங்குல ஷார்ட் ஸ்கேல், அல்லது ஐபனெஸ் மிக்ரோ போன்ற 28.6 அங்குல பேஸ் நல்ல தொடக்கம். ஃப்ரெட் இல்லாத பேஸ் முதல் வாத்தியமாக வேண்டாம்.

பெயர்களுக்கு வருவோம். புதிதாக வாங்குபவருக்கு பதினைந்திலிருந்து இருபத்தைந்தாயிரம் வரை நான்கு பெயர்கள் போதும்: யமஹா டிஆர்பிஎக்ஸ் வரிசையின் அடிமட்டம், ஐபனெஸ் ஜியோ, கோர்ட் ஆக்‌ஷன், ஸ்கொயரின் அடிமட்டம். இந்த நான்கில் எது சிறந்தது என்று மணிக்கணக்கில் சண்டை போடலாம்; என் அனுபவத்தில் ஒரே மாடலின் இரண்டு கிட்டார்களுக்கு இடையே உள்ள வித்தியாசம், இந்த நான்கு கம்பெனிகளுக்கு இடையே உள்ளதைவிடப் பெரியது. அதனால்தான் கையில் எடுத்துப் பார்த்து வாங்க வேண்டும் என்கிறேன். யமஹாவின் ஜாயிண்டும் ஃப்ரெட் வேலையும் ஒரே சீராக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். பார்க்காமல் வாங்கியே தீர வேண்டும் என்ற நிலையில் இருப்பவருக்கு அதைச் சொல்வேன். ஐபனெஸின் நெக் மெல்லியது, சிறிய கைக்குச் சுகம். கொல்கத்தாவில் செய்யப்படும் கிவ்சன், ஹோப்னர் (மெக்கார்ட்னியின் ஹோஃப்னர் வேறு) போன்ற பெயர்கள் நம் ஊர் பாண்டுகளுக்குப் பல காலமாகப் பழக்கம். விலை குறைவு, உதிரிப் பாகம் கிடைக்கும். பத்தாயிரத்துக்குக் கீழே எந்தப் பெயரில் வாங்கினாலும், ஒரே தடவையில் நாலைந்து கிட்டார்களை அடுக்கி வைத்து, நெக் சோதனையில் தேறியதை மட்டும் எடுங்கள்.

நல்ல வழி பழைய கிட்டார். புதிதாக இருபத்தைந்தாயிரத்துக்கு விற்ற பேஸ், கைமாறும்போது பன்னிரண்டு பதின்மூன்றாயிரத்துக்கு வரும். மரம் நிற்குமா என்பதும் அதற்குள் தெரிந்துவிட்டிருக்கும். ஊட்டி, குன்னூர் விடுதிப் பள்ளிகளில் படித்து முடித்துப் போகிற பிள்ளைகள் மார்ச் ஏப்ரலில் விற்பார்கள். கோயம்புத்தூரில் தேடினால் வருடம் முழுக்க ஏதாவது இருக்கும். ஊட்டியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர்தான், ஒரு நாளில் போய் வந்துவிடலாம். பெரிய கடைகளில் விலை கேட்டு வைத்துக்கொள்வதும் நல்லது. சென்னையில் மிஸ்க்வித் என்ற பெயரில் 1842இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல், மும்பையில் 1865இல் தொடங்கிய ஃபர்ட்டாடோஸ் போன்ற பழைய கடைகள் சொல்லும் புது விலை தெரிந்தால் பழையதற்குப் பேரம் பேசக் கை கொஞ்சம் ஓங்கும்.

கையில் இருக்கும் இருபதாயிரத்தையும் கிட்டாருக்கே கொடுத்துவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. பன்னிரண்டு பதின்மூன்றாயிரத்தோடு நிறுத்துங்கள். நல்ல கம்பி செட், செட்டப் கூலி, ஒரு கேபிள், அகலமான தோள் பட்டை, தடித்த பை இவற்றுக்கு மூவாயிரம் நாலாயிரம் ஆகும். மீதி, உங்கள் ஓசை உங்களுக்கே கேட்பதற்கு. ஈ கம்பியின் அடிச்சுரம் 41 ஹெர்ட்ஸ். செல்போன் ஸ்பீக்கரால் அதை எழுப்பவே முடியாது. எட்டங்குல ஆம்ப் கூட அதன் மேல் ஸ்தாயிகளைத்தான் உரக்கச் சொல்லும், அடிச்சுரத்தை நம் காது தானாக நிரப்பிக்கொள்ளும். வீட்டுப் பயிற்சிக்கு அது தாராளம். ஃபெண்டர் ரம்பிள் வரிசையின் சின்னப் பெட்டியோ, ஸ்ட்ரேஞ்சர் போன்ற நம் நாட்டுப் பெட்டியோ பழையதாகக் கிடைத்தால் எடுங்கள். பேஸைக் கிட்டார் ஆம்பிலும் ஹோம் தியேட்டரிலும் மாட்டி ஓசையைக் கூட்டினால் ஸ்பீக்கர் கிழியும்.

மழையில் மரம் விழுந்து கரண்டு போனால் நாள்கணக்கில் வராத இடம் இது. அதற்குத் தோதானது, ஜாக்கில் நேரடியாகச் செருகும் ஹெட்போன் ஆம்ப். வாக்ஸ் ஆம்பிளக் பேஸ் இரண்டு சின்ன பேட்டரியில் ஓடும். அதைவிட மலிவாக, யூ.எஸ்.பி.யில் சார்ஜ் ஏற்றும் வகைகளும் வருகின்றன. என்னைக் கேட்டால் முதல் வருடத்துக்கு ஆம்பே வேண்டாம், இதுவும் ஒரு நல்ல ஹெட்போனும் போதும். ஹெட்போனில் உங்கள் விரல் செய்யும் ஒவ்வொரு பிசகும் தெரியும். பக்கத்து வீட்டுப் பாட்டியும் நிம்மதியாகத் தூங்குவார். கோயிலில் வாசிக்க, பேஸின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றதாக்கும் டிஐ பாக்ஸ் ஒன்றை வைத்து மிக்சரில் கொடுங்கள். காலம் (column) ஸ்பீக்கர் மட்டும் இருக்கும் இடத்தில் அடி ஓசை போகாது. அங்கே பேஸைக் குறைத்து நடு ஓசையைக் கொஞ்சம் கூட்டினால் சுரம் தெரியும்.

கம்பி விஷயத்தில் நம் ஊருக்கென்று ஒரு விடை இருக்கிறது: ஃபிளாட்வுண்ட். சாதாரண ரவுண்ட்வுண்ட் கம்பியின் சுற்றுக்கு இடையில் வியர்வையும் ஈரமும் தங்கி, ஒரு மழைக்காலத்திலேயே துரு ஏறி ஓசை மங்கிவிடும். ஃபிளாட்வுண்டில் பட்டையான சுற்று, தங்க இடமில்லை. விலை இரண்டு மூன்று மடங்கு. ஆனால் பல வருடம் வரும், ஃப்ரெட்டும் தேயாது. மோட்டவுன் பாடல்களின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் ஃபிளாட்வுண்டில்தான் வாசித்தார், அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார் என்பார்கள். எழுபது எண்பதுகளின் தமிழ்ப் பாட்டு ஓசை பிடித்தவருக்கு அந்த உருண்டையான, வால் நீளாத சுரம் பொருந்தும். ஃபிளாட்வுண்ட் சற்று அதிகமாக இழுக்கும், ஆகவே மாட்டிய பிறகு நெக்கை மறுபடி பாருங்கள். ரவுண்ட்வுண்ட்தான் வேண்டும் என்பவர் வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடியும் மேலுமாகத் துடைக்க வேண்டும்.

செட்டப் என்பது டிரஸ் ராடு, கம்பி உயரம், பன்னிரண்டாம் ஃப்ரெட் சுருதி மூன்றையும் ஒன்றுக்கொன்று ஒத்துவரும்படி வைப்பது. பதினேழாம் ஃப்ரெட்டின் மேல் கம்பி உயரம் ஜி பக்கம் 2 மில்லிமீட்டர், ஈ பக்கம் 2.4 மில்லிமீட்டர் இருந்தால் பெரும்பாலான கைகளுக்குச் சரி. முதல் முறை தெரிந்தவரிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அடுத்த முறையிலிருந்து நீங்களே செய்ய வேண்டும், ஏனென்றால் இங்கே வருடத்துக்கு இரண்டு தடவையாவது தேவைப்படும்: ஜூனில் மழை பிடித்த பிறகு ஒன்று, பனி இறங்கிய பிறகு ஒன்று. ராடைக் கால் சுற்று திருப்புங்கள், ஒரு நாள் விடுங்கள், பிறகு பாருங்கள். மரம் உடனே பதில் சொல்லாது.

வைக்கும் இடம் வெளிச்சுவராக இருக்கக் கூடாது. கணப்புக்குப் பக்கத்திலும் கூடாது. குளிருக்கு இதமாக நாம் உட்காரும் இடம் நெக்குக்கு ஆகாது. உள்சுவரில், தரையிலிருந்து தூக்கி, பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு வையுங்கள். பொட்டலத்தை மாதம் ஒருமுறை வெயிலில் காயவையுங்கள், வெயில் இல்லாத மாதத்தில் அடுப்புச் சூட்டில். நூற்றைம்பது ரூபாய்க்கும் இருநூறு ரூபாய்க்கும் ஈரமானி கிடைக்கிறது. 45இலிருந்து 55 சதவீதம் இருந்தால் உத்தமம். ஆகஸ்டில் அந்த எண்ணை எட்டவே முடியாது. எண்பதைத் தாண்டினால் பையை மூடியே வையுங்கள், வாசிக்கும் நேரம் மட்டும் எடுங்கள்.

கோயம்புத்தூர் வெயிலில் வாங்கிய கிட்டாரை அன்று மாலையே அவலாஞ்சிக் குளிரில் திறக்க வேண்டாம். பையோடு ஒரு ராத்திரி அறையில் கிடக்கட்டும். காலையில் எடுத்துச் சுருதி சேர்த்து, விசிட்டிங் கார்டு சோதனையை மறுபடி செய்து இடைவெளியை எழுதி வையுங்கள். வாரம் கழித்துத் திரும்பவும் பாருங்கள். கொஞ்சம் நகர்ந்திருக்கும், அது இயல்பு. ஃப்ரெட் வரிசையில் சாய்வு தெரிந்தால்தான் பிரச்சினை. ஆகவே வாங்கும்போதே பத்து நாளாவது திருப்பிக் கொடுக்கும் தவணை கேளுங்கள், பில்லில் எழுதி வாங்குங்கள். பழைய கிட்டார் என்றாலும் விற்பவரிடம் ஒரு பகுதிப் பணத்தை வாரம் கழித்துத் தருவதாகப் பேசிப் பாருங்கள். தன் வாத்தியத்தின் நெக்கை நம்புகிறவர் ஒப்புக்கொள்வார்.